மட்டமான மூலைமட்டங்களும் நானும்

மரவேலை செய்கிறவனுக்கு ரெண்டு கண், ரெண்டு கை, ஒரு மூலைமட்டம், இம்புட்டும் வேண்டும். முதல் நாலையும் அல்லா குடுத்துவிடுகிறான், அஞ்சாவதைத்தான் கடையில் போய் வாங்கித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

மூலைமட்டம் என்றால் என்ன என்று கேட்கிற பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். ஒரு குட்டைக் கை, ஒரு நெட்டைக் கை, ரெண்டும் சேர்ந்து எல் எழுத்து மாதிரி இருக்கிற இரும்புச் சாமான். குட்டைக் கையைப் பலகை ஓரத்தில் ஒட்டி வைத்து, நெட்டைக் கையை ஒட்டிப் பென்சிலை இழுத்தால் கோடு சரியாகத் தொண்ணூறு டிகிரியில் விழ வேண்டும். அம்புட்டுத்தான் அதுக்கு வேலை. டீ கேட்காது, லீவு கேட்காது, சொந்தக்காரன் கல்யாணம் என்று மட்டம் போடாது. ஆனால் அந்த ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யாத மூலைமட்டங்களை மதுரை டவுன் முழுக்க நான் பார்த்துவிட்டேன். படிக்கிற உங்களுக்கும் ரம்பம் பிடிக்கிற கை என்றால், சாத்தாத கதவுக்கு முன்னால் நின்று நீங்களும் தலையைச் சொறிந்திருப்பீர்கள். வாங்க, பக்கத்தில் உட்காருங்க. சேர்ந்தே அழுவோம்.

அலமாரி சொன்ன ஸலாம்

எனக்கு வாய்த்த கஸ்டமர்களிலேயே பொல்லாதவள் என் மனைவி ஜன்னத். ஊருக்கெல்லாம் கட்டிலும் பீரோவும் செய்கிறவன் வீட்டு அடுப்படிக்கு ஓர் அலமாரி வேண்டாமா என்று கேட்டாள். செய்து கொடுத்தேன். ரெண்டு கதவு. இடது கதவைச் சாத்தினால் வலது கதவு திறக்கும். வலதைச் சாத்தினால் இடது திறக்கும். ரெண்டையும் சேர்த்து அமுக்கி ஒரு கயிற்றைப் போட்டுக் கட்டிவைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னத் கோபம் வந்தால் கத்த மாட்டாள், சிரிப்பாள். எனக்கு அதுதான் பயம்.

அவள் லாத்தா என்று கூப்பிடுகிற அக்கா வாடிப்பட்டியில் இருக்கிறார். போன ரம்ஜான் பெருநாளுக்கு வந்தவர், தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் நுழைந்தார். நுழைந்த நேரம் பார்த்துக் கயிறு அவிழ்ந்து, கதவு தானாகத் திறந்து அவருக்கு முன்னால் வந்து நின்றது. அக்கா நெஞ்சில் கையை வைத்து, அலமாரியைப் பார்த்து, "வ அலைக்கும் ஸலாம்" என்றார். வந்திருந்த வாடிப்பட்டி ஜனம் மொத்தமும் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தது. ஜன்னத்தும் சிரித்தாள். நான் குனிந்து கயிற்றைத் தேடினேன்.

எல்லாரும் போன பிறகு அவள் சொன்ன வார்த்தையைக் கேளுங்கள். அவள் கையால் பிரியாணி சாப்பிட்டவர்களுக்குத்தான் அந்த வார்த்தையின் கனம் தெரியும்.

"ஏங்க, ஹஜ்ஜுப் பெருநாளைக்குள்ள இந்தக் கதவு சாத்தணும். சாத்தல, நான் லாத்தா வீட்டுக்கு வாடிப்பட்டிக்குப் போறேன். நீங்க ஒங்க அலமாரிக்கிட்டயே பிரியாணி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்க."

பங்காளிக் கோடுகள்

பட்டறையில் எனக்குக் கூட்டாளி தங்கப்பாண்டி. எழுமலைக்காரன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். யார் மாமன் என்கிற விஷயம் இன்னும் தீரவில்லை. விவரத்தைச் சொன்னதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். முதலில் கீலைத் திட்டினோம். அப்புறம் மழையைத் திட்டினோம். அப்புறம் மரத்தை விற்றவனைத் திட்டினோம். திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் போன பிறகுதான் தங்கப்பாண்டி, "மாப்ள, அந்த மூலைமட்டத்தப் புரட்டிப் பாத்தியா?" என்று கேட்டான்.

மூலைமட்டம் மெய்யா பொய்யா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பலகையில் ஒரு கோடு போடு. மூலைமட்டத்தை அப்படியே மறுபக்கமாகப் புரட்டி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு போடு. ரெண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் நல்ல மட்டம். விலகினால் போச்சு. போட்டோம். கீழே ஒன்றாகக் கிளம்பிய ரெண்டு கோடும் மேலே போகப் போகப் பங்காளிகள் மாதிரி பிரிந்து போய்விட்டன. நடுவில் என் சுண்டுவிரலே நுழையும் போல இருந்தது. நான் அந்த இரும்பை வெறித்துப் பார்த்தேன். எத்தனை கட்டில், எத்தனை மேஜை, எத்தனை ஜன்னல்! தங்கப்பாண்டி அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"மட்டமே இம்புட்டு மட்டமா இருந்தா மரம் என்ன மாப்ள செய்யும்?"

பொண்ணு பார்த்த கதை

மறுநாள் ஒரு நேரான பலகையைக் கக்கத்தில் இடுக்கி, கூராகச் சீவிய பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு மூலைமட்டத்தை எடுத்துப் போட்டார். பலகையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக் கோடு போட்டேன், புரட்டினேன், கோடு போட்டேன். பங்காளி. இன்னொன்று கேட்டேன். அதுவும் பங்காளி, ஆனால் எதிர்ப்பக்கம் பிரிந்தான். மூன்றாவது கொஞ்சம் பரவாயில்லை, சின்னச் சொத்துத் தகராறு மட்டும். கடைக்காரர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"பாய், நல்ல கம்பெனிச் சரக்கு. ஒண்ணு ரெண்டு டிகிரி அங்கிட்டு இங்கிட்டு இருக்கத்தான் செய்யும். அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அட்ஜஸ்ட் பண்ணி உக்கார இதென்ன பஸ்ஸு சீட்டா?" என்றேன். பெட்டியோடு எடுத்து முன்னால் வைத்துவிட்டு, வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார். நானும் நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்று லேசாகச் சாய்ந்தது, ஒன்று கைப்பிடியிலேயே ஆடியது, ஒன்றுக்கு ஓரமே நேராக இல்லை. எனக்குப் பின்னால் ஆணி வாங்க வந்த கொத்தனார் ஒருவர் வெகுநேரமாகக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். கடைசியில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"எண்ணே, எனக்கு ஒரு கிலோ ஆணியக் குடுத்து அனுப்பிருங்க. அந்த அண்ணே பொண்ணு பாத்து, பூ வச்சு, நிச்சயம் பண்ணிட்டே வரட்டும்."

புரட்டு பாய்

பழைய டவுனில் ஒரு கடையில் இருமினால் நாலு கடை தள்ளி, "ஒடம்புக்கு என்ன?" என்று கேட்பார்கள். நான் பலகையோடு அலைகிற சேதி பரவாமல் இருக்குமா? அடுத்த தெருவில் என்னைக் கண்டதும் ஒருவர் மூலைமட்டங்களை எடுத்து மேஜைக்கு அடியில் தள்ளினார். இன்னொருவர், "மட்டம் ஸ்டாக்கு இல்ல பாய்" என்றார். அவர் தலைக்கு மேலேயே கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கின்றன! "அது?" என்றேன். "அது அழகுக்கு" என்றார். புரட்டிப் பார்க்கிற பாய் என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். சொல்லச் சொல்ல நீளமாக இருந்ததால் நம் ஜனம் அதைச் சுருக்கி, புரட்டு பாய் ஆக்கிவிட்டது.

பாருங்கள் அநியாயத்தை! புரட்டைக் கண்டுபிடிக்கப் போனவனுக்குப் புரட்டு என்றே பட்டம். ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வருகிறேன், என்னிடம் மகளுக்குக் கட்டில் சொல்லியிருந்த ஒருவர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். ஓரமாக இழுத்துப் போனார். முகத்தில் அப்படி ஒரு கவலை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"காதர் பாய், ஊரே ஒங்கள புரட்டு பாய்ங்குது. அல்லா மேல ஆணையாச் சொல்லுங்க, எங்க கட்டிலுக்குத் தேக்குதானே போடுறீங்க?"

எத்தனாவது படிக்கிறாரு?

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜன்னத் பரணில் இருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி, நான் பார்க்கிற இடமாகப் பார்த்து வைத்திருந்தாள். அந்தச் சமயம் தங்கப்பாண்டி ஒரு நாள் குதித்துக்கொண்டு வந்தான். அவன் மகளின் கணக்குப் புத்தகத்தில், 'மூலைமட்டம் கொண்டு வரைக' என்று போட்டிருக்கிறதாம். "பள்ளிக்கூடத்துலயும் மூலைமட்டம் இருக்கு மாப்ள! பிள்ளைகளுக்குக் குடுக்குறது, பொய்யா குடுப்பாங்க?" என்றான். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

பள்ளிக்கூடம் திறந்த நேரம். ஸ்டேஷனரிக் கடையில் அம்மாமார்கள் கூட்டம். தலைக்கு மேலாக எட்டி, "மூலைமட்டம் இருக்கா?" என்றேன். கடைக்கார அம்மா, "அது ஹார்டுவேர் கடையில கேளுங்கண்ணே" என்றார். "அங்கதான் இல்லையே" என்று சொல்லிக் கையால் முக்கோணம் போட்டுக் காட்டினேன். "படிக்கிற பிள்ளைக வச்சிருக்குமே, முக்கோணமா..." "ஓ, செட் ஸ்கொயரா! அது தனியா வராது, ஜாமெட்ரி பாக்ஸோடதான். எத்தனாவது படிக்கிறாரு?" "ரெண்டு கதவு அலமாரிம்மா" என்றேன். அவருக்குப் புரியவில்லை, பாக்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பலகையை வைத்தேன், கோடு போட்டேன், புரட்டினேன். முதல் பாக்ஸில் இருந்ததன் மூலை கொஞ்சம் உருகின மாதிரி இருந்தது. இன்னொன்று கேட்டேன். அது நல்லா விழுந்தது. ஆனால் உள்ளங்கை அளவு. பிள்ளைகள் நோட்டுக்குச் சரி, அலமாரிக்கு எந்த மூலைக்கு? வேண்டாம் என்று வைத்துவிட்டுத் திரும்பினேன். அங்கேதான் வினையே. பக்கத்தில் நின்ற அம்மா, "அந்த பாய் கோடு போட்டுப் பாத்தாரே, அந்த பாக்ஸக் குடுங்க" என்றார். உடனே அடுத்தவர், "என் பிள்ளைக்கும் பாய் பாத்ததுதான் வேணும்" என்றார். "அண்ணே, இதையும் ஒரு கோடு போட்டுருங்க" என்று ஆளுக்கொரு பாக்ஸை என் மூஞ்சிக்கு நேரே நீட்டுகிறார்கள். நானும் மறுக்க முடியாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன். நான் உதட்டைப் பிதுக்கினதெல்லாம் கல்லாவில் மலையாகக் குவிந்துவிட்டது. கடைக்கார அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"எண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இங்க சின்னதுதான். பெருசு வேணும்னா காலேஜுப் பிள்ளைக சாமான் வாங்குற கடை எதுத்தாப்புல இருக்கு. போங்க, போயிருங்க."

அரியர்

எதிர்க்கடையில் நுழைந்ததும் கண் கூசிவிட்டது. சுவரில் முழங்கை நீளத்துக்குக் கண்ணாடி மாதிரிப் பளபளவென்று முக்கோணங்கள். எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைகள் படம் வரைய வாங்குவதாம். ஒன்றை இறக்கச் சொன்னேன். பலகை ஓரத்தில் ஒட்டிப் பிடிக்க ஒரு நேர்ச்சட்டமும் கையோடு கொண்டு போயிருந்தேன். கோடு போட்டேன். பிஸ்மில்லா சொல்லிப் புரட்டினேன். மறுபடி கோடு போட்டேன்.

ஒரே கோடு! கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரே கோடு. பலகையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். இரும்பில் கிடைக்காத தொண்ணூறு டிகிரி பிளாஸ்டிக்கில் வந்து உட்கார்ந்திருக்கிறது! "மாஷா அல்லா!" என்று கத்தியேவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முக்கோணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறேன், தோளில் ஒரு கை விழுந்தது. தாடி வைத்த காலேஜுப் பையன். என் நரைத்த தலையையும் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரொம்பப் பாசமாகச் சொன்னான்.

"விடுங்க அங்கிள், எஞ்சினியரிங் டிராயிங்னா அப்படித்தான். எனக்கும் அதுல அரியர்தான். நீங்க எந்த பேட்ச்?"

மந்திரித்த முக்கோணம்

கிடைத்ததே தவிர, ஒரு சங்கடம். கண்ணாடி மாதிரி இருக்கிற சாமானைப் பட்டறையில் எங்கே வைத்தாலும் கண்ணுக்குத் தெரியவில்லை. பலகை மேல் வைத்தால் பலகை தெரிகிறது, தூள் மேல் வைத்தால் தூள் தெரிகிறது. ஒரு தடவை ரெண்டு பேரும் பட்டறையையே புரட்டிப் போட்டுத் தேடினோம், கடைசியில் தங்கப்பாண்டி அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறான். பதறி எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். நல்லவேளை, தொண்ணூறு தப்பவில்லை. இனி இது சரிப்படாது என்று அவன் மூலையில் மஞ்சளும் குங்குமமும் தடவினான். நான் என் பங்குக்கு ஓட்டையில் ஒரு பச்சை ரிப்பனைக் கட்டித் தொங்கவிட்டேன். இப்போது பத்தடி தூரத்தில் இருந்தே தெரிந்தது.

பழையது தேறாது என்று புது அலமாரிக்கே பலகை அறுத்து, ஒவ்வொரு மூட்டுக்கும் முக்கோணத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தோம். பேரையூரில் இருந்து ஜன்னல் சொல்ல வந்த ஒருவர் வாசலிலேயே நின்று அதைக் கவனித்தார். நான் மூலையில் வைப்பதும், கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், தலையாட்டுவதும் அவருக்கு வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தார். முக்கோணத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பாய், இத எங்க மந்திரிச்சீங்க? எங்க வீட்டுலயும் ஒரு கதவு சாத்த மாட்டேங்குது."

நேராக நின்ற ஒரே சாமான்

பெருநாளைக்கு முந்தின நாள் புது அலமாரியை அடுப்படியில் இறக்கினோம். ஜன்னத் இடது கதவைச் சாத்தினாள். வலது கதவு அசையவில்லை. வலது கதவைச் சாத்தினாள். டப் என்று ஒரு சத்தம், அம்புட்டுத்தான். திறந்தாள், சாத்தினாள், திறந்தாள், சாத்தினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கயிற்றைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னாள். ஏற்றிவிட்டு வந்து, பழைய அலமாரி நின்ற மூலையில் புதிதைத் தள்ளினேன்.

கீழே சுவரோடு ஒட்டியது. மேலே ஒட்டவில்லை. சப்பாத்திப் பலகையைச் சொருகுகிற அளவுக்கு இடைவெளி. நான் இந்தப் பக்கம் தள்ளினேன், தங்கப்பாண்டி அந்தப் பக்கம் தள்ளினான். ஓடிப்போய் முக்கோணத்தை எடுத்து வந்து அலமாரியில் வைத்தேன், தொண்ணூறு. தரையிலும் சுவரிலும் வைத்தேன். யா அல்லா! சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வாடகை வீடு, நாங்கள் குடிவந்த நாளில் இருந்து அப்படியேதான் நின்றிருக்கிறது, பழைய அலமாரி அதனோடு ஒட்டி நின்றதால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. "சுவரு கோணல்! சுவருதான் கோணல்!" என்று கத்தினேன். தங்கப்பாண்டி மெதுவாக நழுவிவிட்டான். ஜன்னத் இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். நான் பரணைப் பார்த்தேன்.

"இம்புட்டு நாளு ஒங்க கோணலும் செவுத்துக் கோணலும் ஒண்ணுக்கொண்ணு அனுசரிச்சுப் போச்சு. இப்ப நீங்க மட்டும் நேராயிட்டீங்க" என்றாள்.

ஆனால் போகவில்லை. வாடிப்பட்டிக்குப் போனைப் போட்டு அக்காவைக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டாள். பெருநாள் அன்று எல்லாரும் வந்தார்கள். அக்கா நேரே அடுப்படிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்தார், சாத்தினார். கொஞ்சம் ஓங்கியே சாத்திப் பார்த்தார். திறக்கவில்லை. என் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அப்போது அவர் ரெண்டடி பின்னால் வந்து, மேலே பார்த்து, "ஏன் மச்சான், கதவெல்லாம் நல்லாத்தான் சாத்துது. அலமாரி ஏன் இப்படிச் சாஞ்சு நிக்குது?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முக்கோணத்தை எடுத்து வரத் திரும்பினேன். ஜன்னத் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கல்யாணம் ஆன நாளில் இருந்து தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கரண்டியும் கையுமாகப் பேசினாள். அந்தப் பேச்சுக்காகவே மதுரைக் கடைகளை இன்னொரு சுற்றுச் சுற்றி வரலாம்.

"அலமாரி நேராத்தான் லாத்தா நிக்குது, இந்த வீட்டுல அவரு ஒருத்தருதான் நேராச் செஞ்சிருக்காரு. வாங்க, பிரியாணி ஆறுது."

நல்ல மூலைமட்டம் கிடைத்ததில் எனக்கு ஒரே ஒரு நஷ்டம் என்னவென்றால், இனிமேல் என் வேலை கோணிப் போனால் திட்டுவதற்கு இந்த மதுரையில் சுவரை விட்டால் வேறு நாதி இல்லை.